இரண்டாவது பிடி

மழைக்காலத்தில் கோதுமை மாவை அலமாரியில் வைக்கலாகாது, ஐயா. குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இதை நான் பல ஆண்டுகளாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். எங்கள் கட்டடத்துக் காவலாளியிடம் சொல்லியிருக்கிறேன்; என் தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்; எங்கள் பர்ராங்கியா நகர வானொலியின் காலை நிகழ்ச்சி ஒன்றிலும் சொன்னேன். இந்த ஊர் ஈரத்தில், வாய் கட்டி வைத்த மாவுப்பையிலும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பெருகிவிடும். பெரும்பாலோர்க்கு அதனால் ஒன்றும் நேராது. மாவோடு மாவாகத் தின்று செரித்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் நேரும்.

இந்த விசாரணைக்கு நீங்கள் என்னை அழைக்கவில்லை, நானாகவே வந்தேன் என்பதை உங்கள் எழுத்தர் முதலில் குறித்துக்கொள்ளட்டும். பிரிசெய்தா போலோ என்னும் தையற்காரியின் சாவுக்கு, அவளுடைய சித்தி தொமாசாவின் எண்ணெய்ச் சட்டியே காரணம் என்று ரெபோலோ பேட்டை முழுவதும் பேசிக்கொள்கிறது. தொமாசாவும் அதை நம்புகிறாள். தெருமுனையில் நெடுங்காலமாக நடத்திவந்த பலகாரக் கடையை மூடிவிட்டாள். சட்டியைக் கவிழ்த்து வாசலில் போட்டிருக்கிறாள். மழைநீர் அதன்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. தவறான முடிவொன்று என் கண்முன் நிலைபெறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் இயலாது. என் தொழில் அத்தகையது. ஆகவே சரியான காரணத்தைச் சொல்ல வந்தேன்.

என் பெயர் இரைதா கொன்சுவேக்ரா. ஆற்றங்கரை ஓரமாக உள்ள சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வீட்டுத் தூசி, பூனையின் உமிழ்நீர், கரப்பானின் எச்சம் ஆகிய எளிய பொருள்களைச் சிலருடைய உடல் ஏன் பகைவனாக எண்ணிப் போரிடுகிறது என்பதே எங்கள் ஆய்வு. அப்போரில் உடல் எறியும் ஆயுதத்துக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். அது ஒரு புரதம். அதற்குக் கைவிரல் போன்ற நுனி உண்டு. அந்நுனி தூசியுண்ணியின் புரதத்தை எந்த இடத்தில், எவ்வாறு பற்றுகிறது என்பதை அணு அணுவாகப் பார்ப்பது என் பங்கு.

இதில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான். ஒரு பிடி போதாது. உண்ணியின் புரதத்தை ஓர் எதிர்ப்பொருள் ஓரிடத்தில் பிடித்தால் உடலில் ஒன்றும் நிகழாது. மற்றோர் எதிர்ப்பொருள் வேறோர் இடத்தில் ஒருசேரப் பிடிக்க வேண்டும். இரண்டு பிடியும் விழுந்த அளவில், உடலின் காவல் உயிரணு தன்னிடமுள்ள நஞ்சையெல்லாம் கொட்டிவிடும். தோல் தடிக்கும், மூச்சுக்குழல் இறுகும். அவ்விரண்டு பிடிகளும் விழும் இடங்கள் தெரிந்துவிட்டால் அவற்றை முன்னதாகவே மூடிவைக்கும் மருந்தைச் செய்யலாம். இந்தக் கடற்கரை நெடுகிலும் இழுப்பு நோயால் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கும் மக்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

முன்பெல்லாம் எலியின் எதிர்ப்பொருளை வைத்து ஆராய்ந்தார்கள். எலி பிடிக்கும் இடம் வேறு. மனிதன் பிடிக்கும் இடம் வேறு. மனித இரத்தம்தான் வேண்டும். ஆனால் இவ்வெதிர்ப்பொருளைச் செய்யும் உயிரணு இரத்தத்தில் மிக அரிது. பல குப்பிகள் எடுத்தும் ஒன்றுகூட அகப்படாத நோயாளிகளே மிகுதி. அகப்பட்டால் அதனைச் சாகாத உயிரணு ஒன்றோடு இணைத்துவிடுவோம். பிறகு அது கண்ணாடிக் குடுவையில் நாம் விரும்பும் காலம்வரை வாழ்ந்து எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும்.

பிரிசெய்தாவை முதன்முதலாக நான் பார்த்தது மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில். திருவிழாவுக்கு வேடத்துணி தைப்பது அவள் தொழில். நீண்ட மூக்கும் தொங்கு காதும் கொண்ட மரிமோந்தா முகமூடிகளை அவளைப்போல் தைப்பவர் அப்பேட்டையில் இல்லை என்றார்கள். துணிக்கந்தல் நிறைந்த அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவளுக்கு இழுப்பு வராமல் என்ன செய்யும்? அவள் முன்கையில் உண்ணிச் சாற்றை ஒரு துளி இட்டுக் கீறினேன். சிறிது நேரத்தில் எழுந்த தடிப்பை நான் இன்றும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய, ஓரங்கள் அவ்வளவு தெளிவான தடிப்பை அதற்குமுன் நான் கண்டதில்லை. அழகு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் மூச்சுத் திணறலுக்கு நடுவே சிரித்தாள்.

"என் கையப் பாத்து அழகுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் டாக்டரம்மா. எம் புருஷன்கூட இந்த வார்த்தையச் சொன்னதில்ல. அவர் வந்தா அவர்கிட்டயும் ஒருவாட்டி சொல்லுங்க."

அவள் கணவன் உலீசெஸ் மலைமேலுள்ள பொகொத்தாவில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். அவள் தன் மகள் கெய்லாவோடு சித்தி தொமாசாவின் வீட்டில் இருந்தாள். இரத்தம் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று விளக்கினேன். என் விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, எல்லாருக்கும் மூச்சு வந்தால் நல்லதுதானே என்றாள். என் கையால் ஊசி குத்திக்கொண்டவர் எவரும் வலித்தது என்று சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த முதல் இரத்தத்திலேயே உயிரணு ஒன்று அகப்பட்டது. அதன் எதிர்ப்பொருளை உண்ணியின் புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கி, அணுக்களின் அமைப்பைக் கதிர் பாய்ச்சிப் படமெடுக்கும், பிரேசிலிலுள்ள கதிர்க்கூடத்துக்கு அனுப்பினோம். படம் வந்தது. முதல் பிடி எங்கே விழுகிறது என்பதை உலகத்தில் முதலாவதாகப் பார்த்தவள் நான். ஆனால் ஒரு பிடி போதாது என்று முன்னரே சொன்னேன். அதன் இணை வேண்டும். அவ்விணையும் அவள் உடலில்தான் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுடைய இரத்தத்திலும் தேடினேன். எதுவும் இந்த முதல் பிடிக்குப் பொருந்தவில்லை.

இதற்கிடையில் அவள் கணவனைப் பார்க்கப் பொகொத்தாவுக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கிவிட்டு வந்தாள். திரும்பியவள் கன்னம் பூரித்து, மார்பில் சிறு ஓசையும் இன்றி என் முன்னே வந்து உட்கார்ந்தாள். இரத்தம் எடுத்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஓர் உயிரணுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒரு செய்தி விளங்கியது. பகைவன் இல்லாத இடத்தில் உடல் ஆயுதம் செய்வதில்லை. மலைநாட்டின் குளிர்ந்த, மெல்லிய காற்றில் தூசியுண்ணி வாழாது. அங்கே அவள் குணமாகிக்கொண்டிருந்தாள். எனக்கு வேண்டியதோ அவள் நோயில்தான் இருந்தது.

அன்று அவள் இன்னொன்றும் சொன்னாள். திருவிழாத் தையலை இம்முறை பாதியிலேயே வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, குழந்தையோடு பொகொத்தாவுக்கே குடிபோகப் போவதாகச் சொன்னாள். நான் வாழ்த்தினேன். அதோடு, உயரத்தில் காற்று மெல்லியது, பழகாத நெஞ்சுக்குக் கடினம் என்றும் சொன்னேன். அது பொய்யன்று. அந்த மெல்லிய காற்றில் உண்ணி பிழைக்காது என்னும் மறுபாதியைச் சொல்லவில்லை. நோயாளியிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிக் குழப்புவது மருத்துவ முறையாகாது.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குச் சென்றேன். என் நோயாளிகளின் படுக்கைகளைப் பார்வையிடுவது வழக்கமான வேலைதான். தொமாசா என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். பருத்த உடல், எண்ணெய் மின்னும் முகம், யாரையும் விட்டுவைக்காத வாய். கட்டிலைக் குனிந்து பார்த்தபோது அடியில் ஒரு மரப்பெட்டியும், பெட்டிக்குள் கோணித் துண்டின்மேல் ஒரு நில ஆமையும் இருந்தன. இழுப்புக்காரர் படுக்கும் கட்டிலுக்கடியில் ஆமையை விட்டுவைத்தால் அது நோயைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்குங்க டாக்டரம்மா. படிச்சவங்க எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா பக்கத்து வீட்டுப் பயலுக்கு இதே ஆமைதான் இழுப்ப வாங்குச்சு. இப்ப அவன் கால்பந்து ஆடுறான். ஆமைக்குத்தான் மூச்சு வாங்குது."

"நான் சிரிக்கல, தொமாசா. இது எங்கயும் போக வேணாம். கட்டிலுக்கடியிலயே இருக்கட்டும்."

படித்தவர்கள் எளியவர்களின் நம்பிக்கைகளை ஏளனம் செய்வது எனக்கு என்றும் பிடித்ததில்லை. பெட்டிக்குள் விரித்த கோணி பழையதாய், முரடாய் இருந்தது. ஆமைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அடுத்த முறை நல்ல பருத்திச் சாக்குகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உண்ணிகளை ஈஸ்ட்டும் மீன் தூளும் இட்டு வளர்க்கிறோம். அச்சாக்குகள் சில நாள் அந்த உண்ணி வளர்க்கும் அறையில் இருந்தவை. வாரந்தோறும் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். தொமாசா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். பெரிய டாக்டரம்மா தங்கள் ஆமைக்குப் படுக்கை கொண்டுவருகிறாள், இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று தன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டாளாம்.

எங்களுக்கு இரத்தம் தருகிற அனைவருக்கும் உண்ணி நுழையாத மெத்தை உறை ஒன்று கொடுப்போம். பிரிசெய்தாவுக்குக் கொடுக்கவில்லை. தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த சரக்கு வரட்டும் என்று அவளே ஆறுதல் சொன்னாள்.

இழுப்பு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் விடியற்காலை இருமல். பிறகு படியேறும்போது ஓசை. ஒருநாள் நான் அங்கிருந்த வேளையில், ஊரைவிட்டுப் போவதைப் பற்றிச் சித்திக்கும் அவளுக்கும் வாக்குவாதம் நடந்தது. தொமாசா கைவேலையை நிறுத்தாமலே பேசினாள்.

"அங்க என்னடி இருக்கு? மழை, குளிர், உருளக்கிழங்கு. அந்த மலைக்காரனுங்க சிரிச்சா பல்லு கூசும்னு வாயத் தொறக்கவே மாட்டானுங்க. நீ அங்க போயி மரிமோந்தா மூக்கு தச்சா யாருடி மாட்டிக்குவான்?"

பிரிசெய்தா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் சிறு சிறு ஜிகினாக்கள் ஒட்டியிருந்தன.

"அங்க நான் ராத்திரி படுத்துத் தூங்குனேன் சித்தி. உக்காந்து இல்ல. படுத்து. கெய்லா பக்கத்துல வந்து என் நெஞ்சுமேல காத வச்சுப் பாத்துட்டு, அம்மா உள்ள பூனை செத்துப்போச்சான்னு கேட்டா."

தொமாசா கைவேலையை நிறுத்தினாள். நான் அவ்வாக்கியத்தை நெடுநேரம் எண்ணிப்பார்த்தேன். நோயாளி ஒருத்தி தன் நலத்தை இவ்வளவு தெளிவாக எடுத்துரைப்பது அரிது.

நவம்பரில் எடுத்த இரத்தத்தில் உயிரணுக்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஆனால் அவள் புறப்படும் நாள் முடிவாகிவிட்டது. மாலைப் பேருந்து. உலீசெஸ் அங்கே அறை பார்த்துவிட்டான். இரத்தத்தில் உயிரணுக்கள் பெருக வேண்டுமானால், பேரளவான உண்ணிப் புரதம் ஒருமுறை உடலுக்குள் போக வேண்டும்; அதன்பின் ஏறக்குறைய ஒரு வாரம் காத்திருந்து இரத்தம் எடுக்க வேண்டும். அந்த ஒரு வாரம்தான் எனக்குத் தேவைப்பட்டது.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவள் நல்ல பெண்; கேட்டால் இசைந்திருப்பாள். இசைவாள் என்பது உறுதியாகத் தெரிந்த பிறகு கேட்பது வெறும் சடங்கு என்று எனக்குத் தோன்றியது.

முன்கூட்டியே ஒரு பை மாவை எடுத்து, உண்ணி வளரும் குடுவையிலிருந்து சிறிது அதில் கலந்து, வாயைக் கட்டி என் வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மழைக்காலம் மற்றதைச் செய்தது. பையைத் திறந்தபோது மாவின் மேற்பரப்பு மிக மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்க்காதவர்க்குத் தெரியாது. அந்த மாவைப் பிசைந்து, பாலாடைக்கட்டித் துண்டுகளைச் சுற்றி, விரல் பலகாரமாகப் பொரித்தேன். எண்ணெயின் சூட்டில் உண்ணி இறந்துவிடும். அதன் புரதம் அழியாது. சற்றே கசப்பு இருந்ததால் பாலாடைக்கட்டியைக் கூட்டி வைத்தேன். நானும் ஒன்று தின்றுபார்த்தேன். என் உடலில் அந்த எதிர்ப்பொருள் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு அது வெறும் பலகாரம்.

என் எண்ணம் இதுதான். அவளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். மூச்சு சிறிது இறுகும். நான் உடனே அட்ரினலின் ஊசி போடுவேன். அவள் பிழைத்துக்கொள்வாள், பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும். ஊசி மருந்தைப் பையில் எடுத்துவைத்த பின்புதான் வீட்டைப் பூட்டினேன். பொறுப்பற்ற முறையில் நான் எதையும் செய்ததில்லை.

அவள் புறப்படும் நாளன்று நான் அங்குப் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. கெய்லா பக்கத்து வீட்டில் தன் தோழிகளிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். கட்டிய மூட்டைகளுக்கு நடுவே பிரிசெய்தா உட்கார்ந்திருந்தாள். தொமாசா தன் கடையிலிருந்து மரவள்ளிப் பலகாரங்கள் கொண்டுவந்திருந்தாள். என் தட்டையும் அவற்றோடு வைத்தேன். பிரிசெய்தா என் பலகாரத்தையே முதலில் எடுத்தாள். டாக்டரம்மா தன் கையால் செய்தது என்று சித்தியைச் சீண்டினாள். தொமாசா முகத்தை நொடித்துக்கொண்டு, பொரிச்சதுல எண்ண நிக்குது, டாக்டருக்குப் படிச்சா போதுமா என்றாள். மூவரும் சிரித்தோம்.

இரண்டாவதைத் தின்னும்போது பிரிசெய்தா கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து கடவாப்பல்லு வலி டாக்டரம்மா. ஒரு மாத்திர போட்டேன், இப்பத்தான் அடங்குச்சு. இல்லன்னா இத எப்படித் தின்னுருப்பேன்?"

எந்த மாத்திரை என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். அம்மாத்திரை உடலில் இருக்கும்போது உண்ணி உணவு உள்ளே போனால் விளைவு பன்மடங்காகும் என்பது இத்துறையில் இருப்பவர் எவரும் அறிந்த செய்தி. எனக்கு அது அந்த நொடியிலேயே நினைவுக்கு வந்தது. அவள் மூன்றாவதை எடுத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளி தான் கொடுத்த தட்டைத் தானே பிடுங்குவது அழகாக இராது. நான் தண்ணீர் குடித்தேன்.

முதலில் அவள் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டாள். பிறகு உதடு தடித்தது. பிறகு குரல் மாறியது. தொமாசா மூச்சு மருந்துக் குழலைத் தேடி மூட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் கொண்டுவருமாறு அவளை வெளியே அனுப்பினேன். அதற்குள் தெரு ஆறாகிவிட்டிருந்தது. எங்கள் ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகளையே உருட்டிக்கொண்டு போகும் வெள்ளம். தொமாசா அதன் கரையில் நின்று மறுகரையைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எனக்குக் கேட்டது.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். என் பையைத் திறந்தேன். அதில் இரண்டு ஊசிகள் இருந்தன. ஒன்று மருந்து கொடுப்பதற்கு. மற்றது இரத்தம் எடுப்பதற்கு. இரண்டாவதை எதற்காக எடுத்துவந்தேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். என் பையில் அது எப்போதும் இருக்கும்.

நான் எண்ணிப்பார்த்தேன், ஐயா. பதறவில்லை. அவள் நிறம் மாறிக்கொண்டிருந்தது. இம்மழையில் உதவி வராது. மருந்து பலித்தால் அவள் பிழைப்பாள், பிழைத்தால் இனி என் தட்டில் எதையும் தொடமாட்டாள், மலைக்குப் போய்விடுவாள். பலிக்காவிட்டால் அடுத்த வாரம் என்பதே இல்லை. இரண்டு வகையிலும் அந்த இரத்தம் எனக்கு மறுபடி கிடைக்காது. சாக்குகளின் புண்ணியத்தால் அதில் உயிரணுக்கள் முன்பே ஓரளவு ஏறியிருந்தன. ஆகவே இரத்தம் எடுக்கும் ஊசியை முதலில் எடுத்தேன்.

அதைக் கண்டதும் பிரிசெய்தா தன் சட்டைக் கையை மேலே தள்ளி, முன்கையை என் பக்கம் நீட்டினாள். பேச முடியவில்லை. கண்ணால் என்னை அவசரப்படுத்தினாள். மருந்து என்று நினைத்திருப்பாள் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். ஆயினும் கையை அவளேதான் நீட்டினாள். அதை நான் இசைவாகவே கொண்டேன்.

இரத்தக்குழாய் உடனே அகப்பட்டது. குப்பிகள் நிறையும்வரை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றை மூடிப் பைக்குள் வைத்த பிறகு அட்ரினலினைத் தொடையில் போட்டேன். சரியான அளவு; சரியான இடம். அப்போது அவள் கண்கள் திறந்தே இருந்தன. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

தொமாசா முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தபோது நான் மார்பை அழுத்திக்கொண்டிருந்தேன். என்னால் இயன்றதையெல்லாம் நான் செய்ததாக அவள்தான் எல்லாரிடமும் சொன்னாள். மறுகரையில் நின்ற ஆம்புலன்ஸின் விளக்கைப் பற்றியும் சொன்னாள். முதலில் எல்லாரும் வெள்ளத்தைப் பழித்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தொமாசா, தான் கொண்டுவந்த மரவள்ளிப் பலகாரத்திலும் பிரிசெய்தா ஒன்று தின்றதை நினைத்துக்கொண்டாள். அன்று காலை எண்ணெயை மாற்றாமல் பொரித்தாளாம். அதுமுதல் அவள் வாயில் வேறு பேச்சு இல்லை. ஒன்பது நாள் துக்கத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க டாக்டரம்மா. எண்ணதானே? நான் வருத்தப்படுவேன்னு மறைக்காதீங்க. எம் புள்ளய நானே தின்னக் குடுத்துக் கொன்னுட்டேன்ல?"

எண்ணெயாக இராது என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆமையை எடுத்துக்கொண்டுபோய்ச் சதுப்பில் விட்டுவிட்டாள்; அதுவும் தன்னை ஏமாற்றிவிட்டதாகச் சொன்னாள்.

அந்தக் குப்பிகளில் இணை இருந்தது, ஐயா. பல வாரத் தேடலுக்குப்பின் ஒரே ஓர் உயிரணு. போன மாதம் பிரேசிலிலிருந்து படம் வந்தது. நடுவில் உண்ணியின் புரதம். இரண்டு பக்கத்திலும் இரண்டு எதிர்ப்பொருள்கள். இரண்டு பிடிகளும் ஒருசேர. எத்தனை நோயாளிகளுக்கு அப்படம் மூச்சைக் கொடுக்கப் போகிறது என்பதை நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். கூடத்திலுள்ளவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் திரையை நெடுநேரம் பார்க்க என்னால் முடியவில்லை. அவ்விரு பிடிகளும் நூல் கோக்கும் விரல்களைப்போல் எனக்குத் தோன்றுகின்றன. மற்றவர்கள் அவ்வாறு சொல்லவில்லை.

மற்றொரு சிறு தொந்தரவும் உண்டு. உயிரணுக்களை வைத்திருக்கும் வளர்ப்புப் பெட்டிக்குள் அவ்வப்போது காற்று செலுத்தும் வால்வு ஒன்று இருக்கிறது. அது திறக்கும்போது ஓர் ஓசை வரும். உள்ளே இழுத்து, நின்று, மீண்டும் இழுக்கும். வால்வைக் கழற்றி மாற்றச் சொன்னேன். எங்கள் உதவியாளர் அதால்பெர்த்தோ மாற்றினார். புதியதிலும் அதே ஓசை வருகிறது. பெட்டியின் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மெஷின் நல்லாத்தான் இருக்கு டாக்டர், நீங்கதான் ரெண்டு நாள் லீவு போடணும் என்றார். இப்போதெல்லாம் வீட்டில் என்னால் படுத்துத் தூங்க முடிவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். என் கையிலும் ஒரு துளி சாறு இட்டுக் கீறிப்பார்த்தேன். தடிப்பு எழவில்லை. என் உடலில் ஒன்றும் இல்லை.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிசெய்தா போலோவைக் கொன்றது எண்ணெயன்று, வெள்ளமன்று, ஆமையன்று. மாவை வளர்த்தவள் நான், பொரித்தவள் நான், மாத்திரையின் பெயரைக் கேட்ட பின்பும் வாய் திறவாதிருந்தவள் நான், உயிர் காக்கும் ஊசியைக் கையருகே வைத்துக்கொண்டு மற்ற ஊசியை முதலில் எடுத்தவள் நான். தொமாசாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவள் கடையைத் திறக்கலாம்.

கையொப்பம் இடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். உலீசெஸ் ஊருக்கு வந்திருக்கிறான். இவ்வார இறுதியில் கெய்லாவைப் பொகொத்தாவுக்கு அழைத்துப்போகப் போவதாகக் கேள்விப்பட்டேன். துக்க வீட்டில் தொமாசா எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முன்கையில் ஒரு துளி இட்டுக் கீறிப்பார்த்தேன். அழவில்லை; சமர்த்துக் குழந்தை. தாயைக் காட்டிலும் பெரிய தடிப்பு. உண்ணியில் வேறு புரதங்களும் உண்டு; தாய் தொடங்கிவைத்ததை அவற்றிலும் முடித்துவைக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். தாயை இழந்து நிற்கும் பிள்ளையை இந்நேரத்தில் பழகிய வீட்டையும் பழகிய படுக்கையையும் விட்டுப் பிரிப்பது கொடுமை. அவள் இந்த ஊரிலேயே இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை என் ஆய்வுக்காகக் கேட்கவில்லை, ஐயா. அந்தக் குழந்தையின் நலத்துக்காகவே கேட்கிறேன்.